துளையுள்ள நானோசைம்களால் பயோமார்க்கரைக் கண்டறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதத்தை நிறமாற்றத்தால் அளக்கும் சோதனைகளில் பெரும்பாலும் ஒரே நொதிதான் உழைக்கிறது: குதிரைமுள்ளங்கி வேரிலிருந்து எடுக்கும் பெராக்ஸிடேஸ். ஆய்வகப் பேச்சில் எச்ஆர்பி. ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு நிறமற்ற சாயத்தை நீலமாக்கும் அருமையான நொதி. ஆனால் சூடு தாங்காது, சோடியம் அசைடு பட்டால் முடங்கும், பெராக்சைடு கூடிப்போனாலும் செயலிழக்கும்.

2007-ல் சீனாவின் யான் ஷியுன் குழு, மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடின் நானோதுகள்கள் இதே வேலையைத் தாமாகவே செய்கின்றன என்று காட்டியது. காந்தத்தால் இழுப்பதற்கு மட்டும் உதவும் மந்தமான பொருள் என்று அதுவரை அவற்றை எல்லோரும் நினைத்திருந்தார்கள். நொதியைப் போல வேலை செய்யும் நானோதுகளுக்கு நானோசைம் என்ற பெயர் அதற்கு முன்பே, 2004-ல், தங்கத் துகள்கள் பற்றிய ஓர் ஆய்வில் வந்துவிட்டது. அதன் பிறகு உலோக ஆக்சைடு, பிளாட்டினம், பிரஷ்யன் நீலம் (இரும்பும் சயனைடும் சேர்ந்த நிறமி), உலோக-கரிமச் சட்டகங்கள் (உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் இணைக்கும் துளைப் பொருட்கள்) எனப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இவற்றில் துளையுள்ளவற்றுக்குத் தனி ஈர்ப்பு உண்டு. திடமான உருண்டையில் மேற்பரப்பு அணுக்கள் மட்டும்தான் வினையில் கலந்துகொள்ளும். துளையுள்ள துகளில் உட்சுவர்களும் சேர்ந்துகொள்ளும்.

இந்த வழிகாட்டி அடிப்படை உயிர்வேதியியல் ஆய்வக வசதி உள்ளவர்களுக்கானது. ஓர் உதாரணத்தை முழுக்கப் பின்தொடர்கிறேன்: பிரஷ்யன் நீலக் கனசதுரங்களிலிருந்து துளையுள்ள இரும்பு ஆக்சைடு செய்து, அதைக் கொண்டு சிஇஏ என்ற புற்றுநோய்க் குறிப்பானை, அதாவது நோயைக் காட்டிக்கொடுக்கும் பயோமார்க்கரை, அளப்பது. தொடங்கும் முன் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் எல்லோரும் பொருளின் வீரியத்தைப் பற்றியே பேசுகிறார்கள். சோதனை தேறுமா தேறாதா என்பதோ சோதனைத் தட்டில் பயோமார்க்கரே இல்லாத குழியில், அதாவது பிளாங்க்கில், முடிவாகிறது. கீழே வரும் படிகளில் பாதி அந்தக் குழியைச் சுத்தமாக வைத்திருப்பதற்கானவைதான்.

படி 1: எதை அளக்கப் போகிறோம், எந்த அளவில்?

பொருளைச் செய்து முடித்துவிட்டு அதற்கேற்ற நோயைத் தேடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தலைகீழாகப் போங்கள். பயோமார்க்கரின் அளவு வரம்பை முதலில் எழுதி வையுங்கள்.

வெறும் வயிற்றில் ரத்த குளுக்கோஸ் சுமார் 4 முதல் 5.5 மில்லிமோலார். சி-ரியாக்டிவ் புரதம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருக்கும். சிஇஏ-வுக்குப் பரவலாகப் பயன்படும் எல்லை மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் லிட்டருக்கு நானோகிராம் கணக்கில் இருக்கும். குளுக்கோஸுக்கும் ட்ரோபோனினுக்கும் இடையே எடைக்கணக்கில் கோடிக்கணக்கான மடங்கு வித்தியாசம். ஒரே வடிவமைப்பு இரண்டுக்கும் பொருந்தாது.

சிறிய மூலக்கூறு என்றால் தொடர்வினை முறை சரியாக வரும். குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் குளுக்கோஸை ஆக்சிஜனேற்றும்போது பெராக்சைடு பிறக்கிறது. அந்தப் பெராக்சைடைக் கொண்டு நானோசைம் சாயத்தை நீலமாக்குகிறது. புரதம் என்றால் சாண்ட்விச் முறை: ஓர் ஆன்டிபாடி பிடித்துவைக்கும், துகள் ஒட்டிய இன்னொரு ஆன்டிபாடி மேலே வந்து அமரும், மீதியைக் கழுவிவிடலாம். இந்தக் கழுவுதல்தான் சாண்ட்விச்சின் பெரிய பலம். மாதிரியில் இருக்கும் தொந்தரவுகள் பெரும்பாலும் அதோடு போய்விடும். தொடர்வினை முறையில் எல்லாம் ஒரே குழியில் கிடக்கும்.

சிஇஏ-வைப் பற்றி ஒரு வார்த்தை. புகைபிடிப்பவர்களிடம் இது இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வேறு நோய்களிலும் உயரும். அதனால் பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவரைத் தொடர்ந்து கண்காணிக்கவே அதிகம் பயன்படுகிறது. 5 நானோகிராமைச் சுற்றி நல்ல துல்லியம், மேலே 100 வரை நம்பகமான வாசிப்பு: நமக்குத் தேவையான சோதனை இதுதான். பிகோகிராம் அளவை எட்ட வேண்டிய அவசியமே இல்லை.

படி 2: துளையின் அளவைத் தேர்ந்தெடுப்பது

2 நானோமீட்டருக்குக் கீழே மைக்ரோ துளை, 2 முதல் 50 வரை மீசோ துளை, அதற்கு மேலே மேக்ரோ துளை. பெயர்களை விட, எந்த மூலக்கூறு எந்தத் துளைக்குள் நுழையும் என்பதுதான் வேலைக்கு உதவும்.

பெராக்சைடு எங்கும் நுழைந்துவிடும். நாம் பயன்படுத்தும் சாயமான டிஎம்பி சுமார் 1 நானோமீட்டர் நீளம். ஜிஃப்-8 என்ற உலோக-கரிமச் சட்டகத்தின் வாசல் 0.34 நானோமீட்டர்தான். அதன் பரப்பளவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் டிஎம்பி உள்ளே போக வழியில்லை. வெளித்தோலில் மட்டும் வினை நடக்கும். எம்ஐஎல்-101 சட்டகத்தின் வாசல்கள் சுமார் 1.2, 1.6 நானோமீட்டர்; நுழையலாம், நெருக்கியடித்துக்கொண்டு. பிசிஎன்-222 சட்டகத்தின் 3.7 நானோமீட்டர் கால்வாய் தாராளம்.

ஆன்டிபாடியின் கதை வேறு. அதன் எடை 150 கிலோடால்டன், குறுக்களவு 10 முதல் 15 நானோமீட்டர். துளை இதைவிடச் சிறிதாக இருந்தால் ஆன்டிபாடி வெளியே நிற்கும், சாயம் உள்ளே போய்வரும். நமக்கு வேண்டியதும் அதுதான். துளை 30, 40 நானோமீட்டர் என்று விரிந்தால் ஆன்டிபாடியும் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே இருந்தபடி அதனால் குழியின் அடியில் பிடிபட்டிருக்கும் சிஇஏ-வைத் தொட முடியாது. விலையுயர்ந்த ஆன்டிபாடி வீணாவதோடு, சாயத்தின் பாதையும் அடைபடும்.

ஆக, நிறமாற்ற சாண்ட்விச் சோதனைக்கு 3 முதல் 8 நானோமீட்டர் வரையிலான துளைகளே என் தேர்வு. "கிராமுக்கு ஆயிரக்கணக்கான சதுர மீட்டர்" என்று வரும் பரப்பளவு எண்களைப் பார்த்து மயங்காதீர்கள். அது நைட்ரஜன் வாயு எட்டிய பரப்பு. உங்கள் சாயம் எட்டும் பரப்பு அதில் ஒரு பகுதியாகவே இருக்கலாம்.

படி 3: பொருளைத் தயாரிப்பது

பிரஷ்யன் நீலத்திலிருந்து தொடங்கும் வழி எளியது, மலிவானது. 40 மில்லிலிட்டர் 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 3 கிராம் பிவிபி பாலிமரையும் சுமார் 132 மில்லிகிராம் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடையும் கரைத்து, 80 டிகிரி செல்சியஸில் 20 மணி நேரம் அசையாமல் வைத்தால் நீலக் கனசதுரங்கள் வளரும். சென்ட்ரிஃபியூஜில் இறக்கி, நீராலும் எத்தனாலாலும் பலமுறை கழுவிக் காயவைக்க வேண்டும். பிவிபி மிச்சமிருந்தால் பிறகு துளைகளில் கரியாகப் படியும். கழுவுவதில் அவசரம் வேண்டாம்.

அடுத்து காற்றில் சூடேற்றல். சயனைடு இணைப்புகள் எரிந்து வெளியேற, அவை இருந்த இடத்தில் துளைகள் உருவாகி, இரும்பு ஆக்சைடு மிஞ்சும். வெப்பநிலையை நிமிடத்துக்கு 1 முதல் 2 டிகிரி என மெதுவாக ஏற்றுங்கள். 250, 350, 450 என மூன்று வெப்பநிலைகளில் சிறு சிறு அளவாகச் செய்து பார்ப்பது நல்லது. சூடு ஏற ஏறத் துகளுக்குள் இருக்கும் படிக மணிகள் பெருத்து, சிறு துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பரப்பளவு குறையும். கனசதுர வடிவம் அப்படியே நிற்பதால் நுண்ணோக்கிப் படத்தில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியலாம். துளையளவை 77 கெல்வினில் நைட்ரஜன் உறிஞ்சல் அளவீடு சொல்லும். அதை மட்டும் நம்புங்கள்.

இங்கே உயிராபத்து உள்ள ஒரு விஷயம் இருக்கிறது. பிரஷ்யன் நீலத்தையும் அதன் மூல உப்பையும் வலுவான அமிலத்தோடு சூடாக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வரலாம். சூடேற்றும்போதும் நச்சுவாயு கிளம்பும். அமில அளவைக் கூட்டாதீர்கள்; புகையுறிஞ்சிக்கு வெளியே இந்த வேலையைச் செய்யாதீர்கள்; உலைக்கு வெளியேற்றக் குழாய் கட்டாயம்.

துகளின் அளவு 100 நானோமீட்டருக்குள் இருக்கட்டும். காரணம் படி 7-ல் வருகிறது.

படி 4: வீரியத்தை எண்ணாக அளப்பது

"நன்றாக நீலமாகிறது" என்பது அளவீடு ஆகாது. 2018-ல் வெளியான ஒரு நெறிமுறை இதற்கு ஒழுங்கு கொண்டுவந்தது: நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல் விளைபொருளைத் தரும் நானோசைம் அளவே 1 அலகு. மில்லிகிராமுக்கு எத்தனை அலகு என்பது உங்கள் பொருளின் வீரியம்.

செய்முறை: 37 டிகிரியில் 0.2 மோலார் அசிடேட் பஃபர், பிஹெச் 3.6. அதில் 10 மைக்ரோகிராம் துகள். டிஎம்எஸ்ஓ-வில் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம் கரைத்த டிஎம்பி 20 மைக்ரோலிட்டர். கடைசியாகப் பெராக்சைடு. மொத்தம் 1 மில்லிலிட்டர், 1 சென்டிமீட்டர் குவெட். 652 நானோமீட்டரில் 10 நொடிக்கு ஒருமுறை வாசியுங்கள். முதல் நிமிடத்தின் நேர்கோட்டுப் பகுதியை மட்டும் எடுங்கள். பிறகு வளைய ஆரம்பிக்கும்.

கணக்கு இப்படி. உறிஞ்சல் நிமிடத்துக்கு 0.39 ஏறியது என்று வைத்துக்கொள்வோம். நீல விளைபொருளின் மோலார் உறிஞ்சல் குணகம் 39,000. 0.39-ஐ 39,000-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு லிட்டருக்கு 10 மைக்ரோமோல். நம்மிடம் இருப்பது 1 மில்லிலிட்டர், ஆகவே 0.01 மைக்ரோமோல், அதாவது 0.01 அலகு. துகள் 0.01 மில்லிகிராம். ஆக வீரியம் மில்லிகிராமுக்கு 1 அலகு. 96 குழித் தட்டில் அளந்தால் ஒளி கடக்கும் தூரம் 1 சென்டிமீட்டர் இருக்காது; திரவத்தின் உயரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெராக்சைடைப் பாட்டில் லேபிளை நம்பி எடுக்காதீர்கள். திறந்து திறந்து மூடிய பாட்டில் நீர்த்துப் போயிருக்கும். 30 சதவீதக் கரைசல் சுமார் 9.8 மோலார் இருக்க வேண்டும். ஆயிரம் மடங்கு நீர்த்து 240 நானோமீட்டரில் வாசியுங்கள், குணகம் 43.6 என்பதால் 0.43-ஐ ஒட்டி வர வேண்டும். ஒரு நிமிட வேலை, பல நாள் குழப்பத்தைத் தவிர்க்கும்.

மைக்கேலிஸ் மாறிலியையும் எடுத்து வையுங்கள்: வினை அதன் உச்ச வேகத்தில் பாதியை எட்டும் செறிவு அது; குறைவாக இருந்தால் பிடிப்பு அதிகம். 2007 ஆய்வில் மேக்னடைட்டின் மாறிலி பெராக்சைடுக்கு 154 மில்லிமோலார்; எச்ஆர்பிக்கு வெறும் 3.7. டிஎம்பிக்கு நிலைமை தலைகீழ்: மேக்னடைட் 0.098, எச்ஆர்பி 0.434. அதாவது இரும்புத் துகள் சாயத்தை நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் பெராக்சைடை அள்ளி ஊற்றினால்தான் முழு வேகம் காட்டும். சாண்ட்விச் முறையில் ஊற்றிவிடலாம். குளுக்கோஸ் சோதனையில் பெராக்சைடே நாம் அளக்கும் பொருள் என்பதால், அங்கே இந்த மாறிலி குறைவாக உள்ள பொருளைத் தேட வேண்டும்.

துளைகள் உண்மையில் உழைக்கின்றனவா என்று சோதிக்க ஒரு நல்ல வழி: அதே பொருளைச் சிறிய துகளாகவும் பெரிய துகளாகவும் செய்து, மில்லிகிராம் வீரியத்தை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் சாயம் நடுப்பகுதி வரை போகிறது. சிறிய துகள் மட்டும் அதிகம் காட்டினால் பெரியதின் உள்பக்கம் பட்டினி கிடக்கிறது.

படி 5: நிறம் துகளால்தான் வருகிறதா?

கரைந்த இரும்பு அயனியும் பெராக்சைடும் சேர்ந்தாலே டிஎம்பி நீலமாகும். பிஹெச் 3.6-ல் இரும்பு ஆக்சைடும் சட்டகங்களும் கொஞ்சம் கொஞ்சமாக அயனியைக் கசியவிடும். துளை அதிகம் என்றால் கசிவும் அதிகம். கசிந்த அயனி குழி முழுக்கப் பரவி, ஆன்டிபாடிக்குச் சம்பந்தமே இல்லாமல் நிறம் தரும்.

துகளை அசிடேட் பஃபரில் சோதனைக்கு ஆகும் நேரம் வரை ஊறவையுங்கள். பிறகு 10 கிலோடால்டன் வடிகட்டியில் வடித்து, தெளிந்த நீரில் டிஎம்பியும் பெராக்சைடும் சேர்த்துப் பாருங்கள். காந்தத்தால் மட்டும் பிரித்தால் நுண்துகள்கள் தங்கிவிடும், வடிகட்டிதான் சரி. வடிநீரின் நிறம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தப் பொருளை இந்தப் பிஹெச்சில் நான் பயன்படுத்த மாட்டேன். பிஹெச்சை 4.5-க்கு ஏற்றினால் வேகம் குறையும், கசிவும் குறையும். பல நேரங்களில் அது லாபமான பேரம்.

இன்னும் மூன்று குழிகள் எப்போதும் இருக்கட்டும்: டிஎம்பியும் பெராக்சைடும் மட்டும்; பெராக்சைடு இல்லாமல் துகளும் டிஎம்பியும்; துகள் மட்டும். இரண்டாவது குழி நீலமானால் பொருள் காற்றின் ஆக்சிஜனையே பயன்படுத்துகிறது. மூன்றாவது, துகள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் போலி உறிஞ்சலைக் காட்டும்.

படி 6: ஆன்டிபாடியை ஒட்டுவது

2017-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு, துளையுள்ள ஃபெர்ரிக் ஆக்சைடு கனசதுரங்களில் தங்கம் பதித்து, புற்றுநோயோடு தொடர்புடைய பி53 புரதத்துக்கு எதிராக உடலே உருவாக்கும் தன்னெதிர்ப்பு ஆன்டிபாடியை நிறத்தாலும் மின்னோட்டத்தாலும் கண்டறிந்தது. தங்கத்தில் புரதம் எளிதாக ஒட்டும் என்பது அதன் வசதி. தங்கம் இல்லாமல் செய்ய, துகளின் மேல் பாலிஅக்ரிலிக் அமிலத்தை மெல்லிய பூச்சாகப் போட்டு, கார்பாக்சில் குழுக்கள் வழியாக இணைக்கலாம்.

1 மில்லிகிராம் துகளை எம்இஎஸ் பஃபரில், பிஹெச் 6-ல், இணைப்பு வினைபொருட்களான இடிசியும் என்எச்எஸ்ஸும் சேர்த்து 20 நிமிடம் சுழலவிடுங்கள். கழுவி, ஹெப்பிஸ் பஃபரில், பிஹெச் 7.4-ல், 50 மைக்ரோகிராம் ஆன்டிபாடியோடு 2 மணி நேரம். பிறகு கிளைசின் சேர்த்து மிச்ச வினையிடங்களை மூடி, மாட்டு சீரம் அல்புமின் 1 சதவீதத்தில் ஊறவிடுங்கள்.

ஏன் ஹெப்பிஸ்? எல்லோர் கையும் தானாகப் போவது பாஸ்பேட் பஃபருக்குத்தான். ஆனால் பாஸ்பேட் இரும்பை இறுகப் பற்றிக்கொள்ளும். பூச்சைத் தள்ளிவிட்டு வினையிடங்களை அடைக்கும். பல இரும்புச் சட்டகங்களைச் சிதைத்தேவிடும். டிரிஸ் பஃபரும் வேண்டாம். அதன் அமைன் குழு ஆன்டிபாடியோடு போட்டி போடும்.

ஒட்டிய பிறகு வீரியத்தைப் படி 4-ன் முறையில் மறுபடி அளங்கள். பாதியாகக் குறைவது சகஜம். பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது என்றால் புரதமோ பாலிமரோ துளை வாயை மூடிவிட்டது. பூச்சின் அளவைக் குறைத்துத் திரும்பச் செய்ய வேண்டும்.

படி 7: தட்டில் சோதனை

பிடிக்கும் ஆன்டிபாடியை மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் வீதம், பிஹெச் 9.6 கார்பனேட் பஃபரில், குழிக்கு 100 மைக்ரோலிட்டர் விட்டு 4 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். கழுவுங்கள். அல்புமினால் 1 மணி நேரம் மூடுங்கள். மாதிரி 100 மைக்ரோலிட்டர், 1 மணி நேரம். 0.05 சதவீத ட்வீன்-20 கலந்த பஃபரில் கழுவுங்கள். ஆன்டிபாடி ஒட்டிய துகளை மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வீதம் 30 நிமிடம். ஐந்து முறை கழுவுங்கள். கடைசிக் கழுவல் அசிடேட் பஃபரில் இருக்கட்டும்; மிச்ச உப்பெல்லாம் போய்விடும். டிஎம்பியும் பெராக்சைடும் கலந்த கரைசல் 100 மைக்ரோலிட்டர், 10 நிமிடம்.

இதுவரை எலைசா (நொதி ஒட்டிய ஆன்டிபாடியால் தட்டில் செய்யும் வழக்கமான சோதனை) செய்தவர்களுக்கு எல்லாம் பழக்கமானது. இரண்டு இடங்களில் மட்டும் நானோசைம் எச்ஆர்பியைப் போல நடந்துகொள்ளாது. இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் தட்டைத் தொட வேண்டாம்.

முதலாவது, துகள் எடையால் கீழே இறங்கும். எச்ஆர்பி கரைந்திருக்கும் புரதம். சிஇஏ இல்லாத குழியில் அது அடியில் போய்ப் படியாது. 200 நானோமீட்டர் இரும்புத் துகள்கள் அரை மணி நேரம் அசையாமல் கிடந்தால், பிடிக்க எதுவும் இல்லாவிட்டாலும் அவற்றில் ஒரு பகுதி அடியில் படிந்து ஒட்டிக்கொள்ளும். பிளாங்க் நீலமாகும். அதனால்தான் துகள் சிறிதாக இருக்க வேண்டும், தட்டு குலுக்கியில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், துகள் ஊறும் நேரம் குறைவாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, நிறுத்தக் கரைசல் நிறுத்தாது. கந்தக அமிலம் பட்டதும் எச்ஆர்பி செத்துவிடும். நீலம் மஞ்சளாகி 450 நானோமீட்டரில் அமைதியாகக் காத்திருக்கும். இரும்பு ஆக்சைடு சாவதில்லை. அமிலத்தில் கரையத் தொடங்கி இன்னும் அயனியைக் கொடுக்கும். தட்டின் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே வாசிப்பு மெல்ல நகர்ந்துகொண்டே போகும். ஒன்று, அமிலமே இல்லாமல் 652-ல் நேரத்தைக் குறித்து வாசியுங்கள். அல்லது திரவத்தை மட்டும் புதிய தட்டுக்கு மாற்றிவிட்டு அமிலம் சேர்த்து, எல்லாக் குழிகளையும் ஒரே கால இடைவெளியில் வாசியுங்கள். நான் முதல் வழியையே விரும்புகிறேன்.

கட்டுப்பாட்டுக் குழிகளில் இரண்டைத் தவறவிடாதீர்கள்: பிடிக்கும் ஆன்டிபாடி பூசாத குழி, சம்பந்தமில்லாத ஆன்டிபாடி ஒட்டிய துகள் விட்ட குழி. இரண்டும் பிளாங்க் அளவிலேயே இருந்தால் நீங்கள் காண்பது உண்மையான பிணைப்பு.

படி 8: கண்டறியும் எல்லையைக் கணக்கிடுவது

குறைந்தது பத்து பிளாங்க் குழிகளின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் எடுங்கள். திட்டவிலக்கத்தை மூன்றால் பெருக்கி, அளவுக்கோட்டின் சரிவால் வகுத்தால் கண்டறியும் எல்லை.

ஓர் எண் உதாரணம். பிளாங்க் 0.080, விலக்கம் 0.006. நானோகிராமுக்குச் சரிவு 0.02. எல்லை 0.9 நானோகிராம். இப்போது இரண்டு மடங்கு வீரியமுள்ள பொருளைக் கஷ்டப்பட்டுச் செய்கிறீர்கள். சரிவு 0.04 ஆகிறது. ஆனால் சும்மா ஒட்டிய துகள்களும் இரண்டு மடங்கு நிறம் தருவதால் விலக்கமும் 0.012 ஆகிறது. எல்லை அதே 0.9. மாறாக, பழைய பொருளையே வைத்துக்கொண்டு, கழுவலையும் மூடலையும் சீராக்கி விலக்கத்தை 0.002-க்குக் கொண்டுவந்தால் எல்லை 0.3 நானோகிராம். மாதக்கணக்கில் புதுப் பொருள் தேடும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சாண்ட்விச் சோதனையின் அளவுக்கோடு நேராக இருக்காது. எஸ் வடிவில் வளையும். நேர்கோட்டைத் திணிக்காமல் நான்கு அளபுரு லாஜிஸ்டிக் வளைவைப் பொருத்துங்கள். மேலே சொன்ன சரிவுக் கணக்கு கீழ்முனையின் நேரான பகுதிக்கு மட்டும்.

படி 9: உண்மையான சீரத்துக்குப் போவது

பஃபரில் அழகாக வந்த சோதனைகள் தடுமாறும் இடம் இது. சீரத்தில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் புரதம் இருக்கிறது. அது துகளைச் சுற்றி ஒரு போர்வையாக ஒட்டி, துளைகளையும் ஆன்டிபாடியையும் மறைக்கும். மாதிரியை முதலில் ஊறவைத்துக் கழுவிய பிறகு துகளை விடும் இரண்டு-படி முறை இதைப் பெருமளவு தவிர்க்கும். இன்னொரு நன்மையும் உண்டு: சிஇஏ மிக அதிகமாக உள்ள மாதிரியில், எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் இரண்டு ஆன்டிபாடிகளும் தனித்தனி மூலக்கூறுகளால் நிரம்பி, சாண்ட்விச்சே உருவாகாமல் வாசிப்பு பொய்யாகக் குறையும். கழுவல் அதையும் தடுக்கும். இருந்தாலும் மிக உயர்ந்த அளவில் ஒரு மாதிரியை வைத்துச் சரிபாருங்கள்.

சீரத்தைப் பத்து மடங்கு, இருபது மடங்கு, நாற்பது மடங்கு நீர்த்து அளந்து, நீர்ப்பால் பெருக்கினால் ஒரே விடை வர வேண்டும். தெரிந்த அளவு சிஇஏ சேர்த்து மீட்பை, அதாவது சேர்த்ததில் எவ்வளவு வாசிப்பில் திரும்ப வருகிறது என்பதைப் பாருங்கள். 80 முதல் 120 சதவீதத்துக்குள் வந்தால் நல்லது. வெவ்வேறு நாட்களில் செய்த அளவீடுகளின் மாறுபாடு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

தொடர்வினை முறையில் குளுக்கோஸை அளப்பவர்களுக்கு இங்கே தனி எச்சரிக்கை. ரத்த அணுக்கள் உடைந்த, இளஞ்சிவப்பான சீரத்தை ஒதுக்கிவிடுங்கள். ஹீமோகுளோபினே பெராக்ஸிடேஸ் போல வேலை செய்து நிறத்தைக் கூட்டும். அதே அணுக்களிலிருந்து வரும் கேட்டலேஸ் பெராக்சைடைத் தின்றுவிடும். குளூட்டாதயோன் நீலத்தைத் திரும்ப நிறமற்றதாக்கும். மூன்றும் வெவ்வேறு பக்கம் இழுக்க, விடை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. அஸ்கார்பிக் அமிலமும் நீலத்தைக் கலைக்கும். ஐம்பது மடங்கு நீர்த்தால் அதன் பாதிப்பு பெரிதும் அடங்கும். குளுக்கோஸ் அளவு பெரிது என்பதால் அவ்வளவு நீர்க்க இடம் உண்டு. பிஹெச் பொருந்தாமையும் உண்டு: குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் 5.5 முதல் 7 வரை வசதியாக இருக்கும், இரும்புத் துகளுக்கு 4 பக்கம் வேண்டும். முதலில் பிஹெச் 7-ல் பெராக்சைடை உருவாக்கி, பிறகு அமில பஃபரும் துகளும் சேர்ப்பதே நேர்மையான வழி.

கடைசியில், ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற முறையில் அளந்த நோயாளி மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். உரிய நெறிக்குழு அனுமதியோடு பெற்ற, பெயர் நீக்கிய மாதிரிகள் மட்டும். தொடர்புக் குணகம் 0.99 என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு முறைகளும் ஒரே திசையில் ஏறி இறங்கினாலே அது வந்துவிடும். வித்தியாசத்தைச் சராசரிக்கு எதிராக வரையும் பிளாண்ட்-ஆல்ட்மன் வரைபடம், இரண்டு முறைகளும் எவ்வளவு விலகுகின்றன என்பதைக் காட்டும்; 5 நானோகிராம் எல்லையில் எத்தனை பேர் தவறான பக்கம் போகிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நோயாளிக்கு அந்தப் பக்கம்தான் முக்கியம். ஆய்வக அளவில் தேறிய சோதனையை, ஒழுங்குமுறை அனுமதி இல்லாமல் யாருடைய சிகிச்சை முடிவுக்கும் பயன்படுத்தக் கூடாது.

தட்டிலிருந்து பட்டைக்கு

கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போன்ற வடிவத்துக்கும் இதே துகள்கள் போகும். 2015-ல் மேக்னடைட் நானோசைம் பட்டை எபோலா வைரஸின் கிளைக்கோபுரதத்தை மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் வரை வெறும் கண்ணுக்குக் காட்டியது. வழக்கமான தங்கத் துகள் பட்டையை விட 100 மடங்கு நுட்பம். 2018-ல் துளையுள்ள பிளாட்டினம் ஓடு போர்த்திய தங்கத் துகள்கள், எச்ஐவியின் பி24 புரதத்தைச் சீரத்தில் மில்லிலிட்டருக்கு ஒரு பிகோகிராமுக்கும் கீழே கண்டன. பிளாட்டினத்தில் ஒரு சிக்கல் உண்டு: பெராக்சைடை ஆக்சிஜன் குமிழிகளாகவும் உடைக்கும், பிஹெச் ஏற ஏற இன்னும் அதிகமாக. பட்டையில் இன்னொரு மாற்றமும் தேவை. டிஎம்பியின் நீலம் கரைந்து பரவிவிடும் என்பதால், கரையாமல் கோட்டிலேயே படியும் சாயம் வேண்டும்.

சேமிப்பு

ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் மில்லிகிராம் வீரியம், துளையளவு, துகளளவு, அயனிக் கசிவு நான்கையும் எழுதி வையுங்கள். அல்புமின் மூடிய துகளை அசிடேட் பஃபரில் வைக்காதீர்கள்; கசிந்துகொண்டே இருக்கும். ஹெப்பிஸில், 4 டிகிரியில் வைக்கலாம். நெடுநாள் வேண்டும் என்றால் ட்ரெஹலோஸ் சர்க்கரை சேர்த்து உறையவைத்து உலர்த்துங்கள். சர்க்கரை இல்லாமல் உலர்ந்தால் துகள்கள் கட்டியாகிவிடும், பிறகு எவ்வளவு அதிரவைத்தாலும் முழுதாகப் பிரியாது.

நானோசைம் பல மாதம் கெடாது என்று படித்திருப்பீர்கள். வெறும் துகளைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் அதில் ஒட்டியிருப்பது ஆன்டிபாடி. சூட்டில் அது எச்ஆர்பியைப் போலவே கெடும். எனவே 4, 25, 37 டிகிரிகளில் வைத்த துகள்களை வாராவாரம் எடுத்து, டிஎம்பி வீரியத்தை மட்டும் பார்க்காமல், 5 நானோகிராம் சிஇஏ உள்ள குழியின் வாசிப்பையும் பாருங்கள். வீரியம் அப்படியே இருக்க, அந்த வாசிப்பு மட்டும் இறங்கத் தொடங்கும் வாரம்தான் உங்கள் சோதனையின் காலாவதி தேதி.